புதிய சைலன்சர் பொருத்திய பின் வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பைக்கின் சைலன்சரையோ, பெண்ட் பைப் (சிலிண்டர் ஹெட்டிலிருந்து சைலன்சர் வரை வளைந்து வரும் குழாய்) உள்ளிட்ட முழுத் தொகுதியையோ வீட்டிலேயே மாற்றுவது பெரிய வித்தை அல்ல. ஒரு நல்ல ரிங் ஸ்பேனர் செட்டும், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சும் துரு இளக்கும் எண்ணெயும் கையில் இருந்தால் போதும். ஆனால் பொருத்தி முடித்து ஸ்டார்ட் செய்த பிறகு, முன்பு இல்லாத ஒரு சத்தமோ, மீட்டரில் ஒரு விளக்கோ, பிக்அப் குறைவோ தெரிந்தால், பலரும் உடனே கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகவோ, ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றி எழுதித் தரும் கடையைத் தேடவோ புறப்பட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான சமயங்களில் உண்மைக் காரணம், புகை வெளியேறும் பாதையில் ஏதோ ஓர் இணைப்பு சரியாக அமராததுதான். ஆகவே கீழே சொல்லப்படும் எந்த அறிகுறியானாலும் சிலிண்டர் ஹெட்டில் தொடங்கிப் பின்முனை வரை ஒவ்வோர் இணைப்பாகச் சரிபார்த்த பிறகே பெட்ரோல் கலவையின் மீது கை வைக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியை இங்கே வைத்துக்கொள்கிறேன். நம் ஊரில் அதிகமாகச் சைலன்சர் மாற்றப்படும் வண்டிகளில் அது ஒன்று என்பதோடு, ஒரே பெயரில் வெவ்வேறு எஞ்சின்கள் ஓடுவதால் தவறான பைப் வாங்கிவிடும் வாய்ப்பும் அதில் அதிகம். 346 சிசி கொண்ட, யூசிஇ என்று அழைக்கப்படும் பழைய எஞ்சின் 2020-ல் பிஎஸ்6 மாசு விதி வரும்வரை கார்புரேட்டருடன் வந்தது. பிஎஸ்6 ஆனபோது அதே எஞ்சினுக்குப் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்தது. 2021 செப்டம்பரில் 349 சிசி கொண்ட முற்றிலும் புதிய எஞ்சின் வந்தது. கடையில் "கிளாசிக் 350-க்கு" என்று மட்டும் கேட்டு வாங்கிய பெண்ட் பைப் இவற்றில் எதற்கானது என்பதை, பழைய பைப்பை அருகில் வைத்து வளைவையும் வாய் விட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பெட்டியிலிருந்து முழுமையாகப் பிரிக்க வேண்டும். மற்ற வண்டிகளுக்கும் இக்குறிப்புகளில் பெரும்பகுதி பொருந்தும்.

சோதனைக்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். எஞ்சினை ஓடவிட்டுச் செய்யும் சோதனை எதுவானாலும் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். சைலன்சர் வழியே வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் மணமும் இல்லை என்பதால், ஷட்டர் இறக்கிய பார்க்கிங்கில் அது சேர்வதை மூக்கு உணர்த்தாது. ஸ்பேனர் பிடிக்கும் வேலை எதுவானாலும் எஞ்சின் முழுமையாகக் குளிர்ந்த பிறகே செய்ய வேண்டும். கை சுடும் என்பது மட்டுமல்ல, சூட்டில் விரிந்திருக்கும் அலுமினிய ஹெட்டில், பைப்பைப் பிடிக்கும் மரைக் கம்பியான ஸ்டட்டின் மரை எளிதில் போய்விடும்.

அறிகுறி: பழைய நட் கழல மறுக்கிறது, அல்லது ஸ்டட் ஒடிந்துவிட்டது

வேலை இங்கேயே நின்றுவிடுவது உண்டு, அதிலும் கடற்கரை ஊர்களில் நின்ற வண்டி என்றால் இதை எதிர்பார்த்தே தொடங்க வேண்டும். ஹெட்டில் உள்ள ஸ்டட் இரும்பு, ஹெட் அலுமினியம், மேலே நட்டும் இரும்பு. மழையும் உப்புக் காற்றும் எஞ்சின் சூடும் சேர்ந்து நட்டையும் ஸ்டட்டையும் துருவால் ஒன்றாக்கிவிடுகின்றன. முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு வைத்து, காலையில் மீண்டும் ஒரு முறை விட வேண்டும். அறுகோணச் சாக்கெட்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும். பன்னிரண்டு முனைச் சாக்கெட் தேய்ந்த நட்டின் மூலைகளை வழித்துவிடும். நட்டை நேரே கழற்றும் திசையில் மட்டும் பலம் கொடுக்காமல், மிகச் சிறிதளவு இறுக்கும் திசையிலும் கழற்றும் திசையிலும் மாறி மாறி அசைத்தால் துருப் பிடிப்பு உடையும்.

அப்படியும் அசையாவிட்டால், எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, கை தாங்கும் அளவுக்கு ஆறிய பின் மீண்டும் எண்ணெய் விட்டு, முழுமையாகக் குளிர்ந்ததும் முயலலாம். சூடான பைப்பின் மீது எண்ணெய் விடவே கூடாது, அது தீப்பிடிக்கும். கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்குவதை வீட்டில் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஹெட்டுக்கு மேலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது, அதோடு அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சிவக்கும் இரும்பைப் போல அது முன்னறிவிப்பு எதுவும் தருவதில்லை.

ஸ்டட் ஒடிந்து ஹெட்டுக்கு வெளியே சிறிது நீட்டிக்கொண்டிருந்தால், இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, உள்பக்க நட்டைக் கழற்றும் திசையில் திருப்பி எடுத்துவிடலாம். ஹெட்டோடு சமமாக ஒடிந்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு லேத் பட்டறைக்குச் செல்வதே மலிவான வழி. கடைகளில் கிடைக்கும் எக்ஸ்ட்ராக்டர் கருவி மிகக் கடினமான எஃகால் ஆனது. அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில்லால் அதைத் துளைக்கவும் முடியாமல், எளிய வேலை ஹெட்டையே கழற்றும் வேலையாக மாறிவிடும். மரை மட்டும் போயிருந்தால், துளையைப் பெரிதாக்கிக் கம்பிச் சுருள் மரை உட்செருகும் முறையைப் பட்டறையில் செய்து தருவார்கள். அது மூல மரையைவிட உறுதி குறைந்தது அல்ல.

அறிகுறி: பிராக்கெட்டின் துளை சேஸிஸின் துளையோடு சேரவில்லை

ஒரு சென்டிமீட்டர் வரை விலகியிருந்தால் பெரும்பாலும் பைப்பில் குறை இல்லை, இறுக்கிய வரிசையில்தான் குறை. பைப்பை ஹெட்டோடு சேர்க்கும் நட்டுகளை முதலிலேயே முழுமையாக இறுக்கிவிட்டால் பைப் அந்தக் கோணத்திலேயே நின்றுவிடும். மறுமுனையை வலுக்கட்டாயமாக இழுத்துப் போல்ட் போட வேண்டியிருக்கும். எல்லா நட்டுகளையும் கிளாம்புகளையும் கையால் மட்டும் மாட்டித் தளர்வாக விட்டு, பைப்பை இப்படியும் அப்படியும் அசைத்து அது தானாக அமரும் நிலையைக் கண்டுபிடித்து, பிறகு ஹெட் முனையில் தொடங்கிப் பின்னோக்கி இறுக்கிக்கொண்டே வருவதுதான் முறை. ஹெட்டில் இரண்டு நட்டுகள் இருந்தால் ஒன்றை முழுமையாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், அரைச் சுற்று அரைச் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பைப் முனையின் தட்டையான விளிம்பான ஃபிளேன்ஜ் சாய்ந்து அமர்ந்தால், இடுக்கை அடைக்கும் வளையமான கேஸ்கட்டின் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் திறந்திருக்கும்.

எவ்வளவு இறுக்குவது என்பதற்கு வண்டியின் சர்வீஸ் கையேடே இறுதிச் சொல். அது கையில் இல்லாதபோது, எம்8 ஸ்டட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் என்ற பொதுவான அளவைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு. ஸ்டெயின்லெஸ் நட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் பாதி வழியில் உரசிப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், மரையில் மட்டும் செம்பு அல்லது நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசையை மிக மெல்லியதாகத் தடவலாம். பசை தடவிய மரையில் உராய்வு குறைவு. அதே டார்க் அளவு அங்கே கூடுதல் இழுவையைத் தரும் என்பதையும் கணக்கில் கொண்டு, சொன்ன அளவில் கீழ்நிலையில் நிறுத்துவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் துளை சேரவில்லை என்றால், துளையை ஃபைல் போட்டு நீளவாக்கில் சிறிது பெரிதாக்கலாம், அல்லது சரியான தடிப்புள்ள வாஷர்களை இடைவெளியில் வைக்கலாம். போல்ட்டின் பலத்தால் பைப்பை வளைத்துச் சேர்ப்பதை மட்டும் செய்யக் கூடாது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு அந்த இழுவையோடு சேரும்போது, சில வாரங்களில் பிராக்கெட்டின் வெல்டிங் விரிசல் விடும், அல்லது ஹெட்டில் ஸ்டட் ஒடியும்.

அறிகுறி: ஹெட் அருகே "டிக் டிக்" என்ற சத்தம், சூடானதும் குறைகிறது

இதுவே மிகப் பரவலான புகார், மற்றப் பல கோளாறுகளுக்கும் வேர். பெண்ட் பைப் ஹெட்டோடு சேரும் இடத்தில் மெல்லிய கசிவு இருந்தால், எக்ஸாஸ்ட் வால்வு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அழுத்தத்தில் இருக்கும் வாயு அந்த இடுக்கு வழியே பீறிட்டு ஒரு கூர்மையான தட்டொலியை எழுப்புகிறது. உலோகம் சூட்டில் விரிந்து இடுக்கை ஓரளவு அடைப்பதால், சில நிமிடங்களில் சத்தம் குறைந்து, "சரியாகிவிட்டது" என்ற பொய்யான நிம்மதியைத் தருகிறது.

இதை டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் என்று எண்ணி எஞ்சினைத் திறப்பவர்கள் உண்டு. பழைய யூசிஇ எஞ்சினில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் இருப்பதால் அங்கே கையால் சரிசெய்ய எதுவுமே இல்லை. வேறுபடுத்த எளிய வழி, வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று சிறிது முறுக்கிப் பார்ப்பது. கசிவு என்றால் முறுக்கும் அந்தக் கணத்தில் சத்தம் தடித்து ஒலிக்கும். வால்வுப் பகுதியின் சத்தம் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து விரையுமே தவிர அந்த அளவு உரக்காது. புதிய சைலன்சரின் ஒலித்தன்மை மாறியதால், முன்பே இருந்த எஞ்சின் சத்தம் இப்போதுதான் காதில் படுகிறது என்ற மூன்றாவது சாத்தியத்தையும் மறந்துவிடக் கூடாது.

கசிவு இருக்கும் இடத்தைக் காண, முதலில் பெட்ரோல் எங்கும் ஒழுகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பற்றவைத்த ஊதுவத்தியை இணைப்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டு செல்ல வேண்டும். நேராக எழும் புகை கசிவுள்ள இடத்தில் தெறித்துக் கலையும். ஊதுவத்தி வேண்டாம் என்பவர்கள், எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, சோப்பு நீரைத் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். பைப் சூடாகும் முன், அதாவது முதல் அரை நிமிடத்திற்குள், இதை முடித்துவிட வேண்டும். தடித்த தோல் கையுறை அணிந்து, மடித்த ஈரத் துணியால் சைலன்சரின் பின்வாயைச் சில விநாடிகள் பகுதியளவு மூடினால் உள்ளழுத்தம் கூடி, கசிவு தெளிவாகக் கேட்கும். சில நாள் ஓட்டிய வண்டி என்றால் இத்தனையும் தேவையில்லை; ஃபிளேன்ஜைச் சுற்றிப் படிந்த கரிக்கோடே இடத்தைச் சொல்லிவிடும்.

கசிவுக்கான முதல் காரணம் பழைய கேஸ்கட்டை மீண்டும் போடுவது. ஹெட் முனையில் உள்ள வளையக் கேஸ்கட் ஒரு முறை நசுங்கிப் பொருந்துவதற்காகச் செய்யப்பட்டது. மறுமுறை அதற்கு நசுங்கிக் கொடுக்க இடமில்லை. இரண்டாவது காரணம் அதற்கு நேரெதிரானது. பழைய கேஸ்கட் கரியோடு கரியாகத் துளைக்குள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியாமல், அதன் மேலேயே புதியதை வைத்துவிடுவதால் ஃபிளேன்ஜ் கோணலாக நிற்கும். டார்ச் விளக்கை அடித்து உள்ளே பார்த்து, பழைய வளையத்தைச் செம்பு அல்லது மரக் குச்சியால் கவனமாக நெம்பி எடுக்க வேண்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் அலுமினிய இருக்கையைக் கீறிவிடும், அந்தக் கீறலே அடுத்த கசிவாகும்.

புதிய கேஸ்கட் போட்ட பிறகும் முதல் சூட்டில் அது மேலும் சிறிது அமுங்கும். ஆகவே முதல் ஓட்டத்திற்குப் பின் வண்டி முழுமையாகக் குளிர்ந்ததும் ஒரு முறையும், 100 கிலோமீட்டர் அளவில் இன்னொரு முறையும் எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும். வீட்டில் பொருத்துபவர்களில் பலர் தவிர்க்கும் படி இதுதான்.

அறிகுறி: ஆக்ஸிலரேட்டரை விடும்போது பட்டாசு போல வெடிக்கிறது

வேகமாகச் செல்லும்போது ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால், சிலிண்டருக்குள் வரும் காற்று மிகக் குறைந்துவிடுவதால் கலவை சில சுற்றுகள் சரியாக எரியாமல் அப்படியே பைப்புக்குள் தள்ளப்படுகிறது. பைப்பினுள்ளே சூடு இருக்கிறது, எரியாத பெட்ரோல் இருக்கிறது. குறைவது ஆக்ஸிஜன் மட்டுமே. அதே நேரத்தில் பைப்பில் அழுத்த அலைகள் முன்னும் பின்னுமாக ஓடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் உள்ளழுத்தம் வெளிக் காற்றைவிடக் குறைகிறது. இணைப்பில் கசிவு இருந்தால் அந்தக் கணத்தில் புதிய காற்று உள்ளே இழுக்கப்பட்டு வெடிச்சத்தம் பிறக்கிறது. ஆகவே "வெடிக்கிறது, கலவையைக் கூட்டு" என்று சொல்லும் முன், மேலே சொன்ன கசிவுச் சோதனையை ஹெட் முனையிலும், பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் கிளாம்பிலும் செய்து முடிக்க வேண்டும். கிளாம்ப் இணைப்பில் உள்பைப் வெளிப்பைப்புக்குள் போதிய ஆழம் நுழைந்திருக்கிறதா, வெளிப்பைப்பில் வெட்டியுள்ள பிளவின் முழு நீளத்தையும் தாண்டி உள்பைப் சென்றிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிளவின் அடி திறந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, வண்டியில் இருந்தால், துணைக் காற்று வால்வு. எரியாத பெட்ரோலைப் பைப்பிலேயே எரித்து முடிப்பதற்காக, ஏர் ஃபில்டர் பக்கத்திலிருந்து ஒரு குழாய் வழியே எக்ஸாஸ்ட் துளைக்கு அருகில் காற்று விடும் அமைப்பு சில வண்டிகளில் உண்டு. ஆக்ஸிலரேட்டரை விடும்போது வெற்றிட அழுத்தத்தால் அந்த வால்வு மூடிக்கொள்ள வேண்டும். சைலன்சர் மாற்றும்போது அதன் மெல்லிய ரப்பர் குழாய் கழன்றுவிட்டாலோ வெடித்துப் போயிருந்தாலோ வால்வு திறந்தே இருந்து, பட்டாசுக்குத் தேவையான காற்றைத் தானே கொடுத்துக்கொண்டிருக்கும். குழாயைச் சரியாக மாட்டுவதே தீர்வு. வால்வை அடைத்துவிடுவது மாசு விதிக்கு முரணானது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வெடித்தால் மட்டுமே கலவைக்கு வர வேண்டும். கார்புரேட்டர் வண்டியில், ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால் அது பொதுவாகப் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருப்பினால் கலவை செறிவடையும், அதாவது பெட்ரோல் பங்கு கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கானது. உள்ளே திருப்பினால் செறிவடையும். எந்த வகை என்று தெரியாமல் திருப்புவது கோளாறை இரட்டிப்பாக்கும். எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில், முதலில் பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, கால் சுற்று மட்டும் செறிவாக்கி ஓட்டிப் பார்த்து, தேவையானால் இன்னொரு கால் சுற்று என்ற அளவிலேயே செல்ல வேண்டும். புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் இந்த வெடிப்பைப் பெருமையாக எண்ணி ஓட்டிக்கொண்டிருந்தால், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதன் தேன்கூட்டு அமைப்பையே உருக்கி அடைத்துவிடும்.

அறிகுறி: மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிகிறது, மைலேஜ் குறைந்து பிளக் கறுக்கிறது

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெண்ட் பைப்பில் ஓர் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கும். பெட்ரோல் முழுமையாக எரியத் தேவையான விகிதம், எடைக் கணக்கில், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. இவ்வண்டிகளில் வழக்கமாக வரும் சென்சார், கலவை அதைவிடச் செறிவாக இருந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட் வரையும், நீர்த்திருந்தால் 0.1 வோல்ட் அளவிலும் காட்டும். ஈசியூ இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது.

சென்சாருக்கு முன்னால், அதாவது ஹெட்டுக்கும் சென்சாருக்கும் இடையில் கசிவு இருந்தால், உள்ளே இழுக்கப்படும் வெளிக் காற்றை எஞ்சினிலிருந்து வந்த மிச்ச ஆக்ஸிஜன் என்று சென்சார் எண்ணிக்கொள்ளும். கலவை நீர்த்துவிட்டது என்று ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். உண்மையில் கலவை சரியாகவே இருந்ததால் இப்போது அது தேவைக்கு மேல் செறிவாகி, பிளக்கில் உலர்ந்த கரி படிந்து, மைலேஜ் விழும். காற்று உள்ளே கசிவதன் விளைவு பெட்ரோல் கூடுதலாகச் செலவாவது என்ற இந்தத் தலைகீழ் உறவு விளங்காமல்தான் பலர் இன்ஜெக்டரையும் ஃபில்டரையும் மாற்றிப் பணத்தை இழக்கிறார்கள். இந்த அறிகுறிக்கும் முதல் மருந்து ஹெட் முனையில் உள்ள வளையக் கேஸ்கட்தான்.

கசிவு இல்லை என்றால் சென்சாரையே பார்க்க வேண்டும். கழற்றும்போது ஒயர் கனெக்டரைப் பிரிக்காமல் சென்சாரைத் திருப்பியிருந்தால் ஒயர் உள்ளே முறுக்கி அறுந்திருக்கலாம். தரையில் விழுந்த சென்சாரின் உள்ளிருக்கும் செராமிக் வெளியே தெரியாமல் விரிசல் விட்டிருக்கலாம். இணைப்பில் சாதாரண சிலிக்கான் பசை பூசியிருந்தால், அதன் ஆவி சென்சாரின் முனையைப் பூசிக் கெடுத்திருக்கும்; பசை தேவைப்பட்டால் சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று குறிக்கப்பட்டதை மட்டுமே வாங்க வேண்டும், சரியான கேஸ்கட் போட்டால் அதுவும் தேவையில்லை. புதிய பெண்ட் பைப்பில் சென்சாருக்கான மரைத்துளையே இல்லாமல், சென்சாரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தால் அது எப்போதும் வெளிக் காற்றையே அளந்து, விளக்கை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். அத்தகைய பைப் அந்த வண்டிக்கானது அல்ல. திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

அறிகுறி: ஆரம்ப பிக்அப் குறைந்துவிட்டது

"பேக் பிரஷர் போய்விட்டது" என்பார்கள். அழுத்தத் தடை இருப்பதால் எந்த எஞ்சினுக்கும் நன்மை இல்லை. நன்மை தருவது வாயுவின் வேகமும் அழுத்த அலை திரும்பும் நேரமும்தான். குறுகிய பைப்பில் வாயு வேகமாகச் செல்லும்போது, பின்னால் ஏற்படும் உறிஞ்சல் சிலிண்டரில் மிஞ்சியிருக்கும் புகையையும் வெளியே இழுத்து, புதிய கலவைக்கு இடம் தருகிறது. பைப்பின் விட்டம் கூடினால் குறைந்த சுழற்சியில் அந்த வேகம் இல்லாமல் போகிறது. 349 சிசி கிளாசிக் தன் உச்ச டார்க்கான 27 நியூட்டன் மீட்டரை நிமிடத்திற்கு 4,000 சுழற்சியிலேயே தரும்படி அமைக்கப்பட்டது. அதில் பந்தய வண்டிக்கான அகலப் பைப்பைப் போட்டால் இழப்பு அன்றாடம் ஓட்டும் வேகத்திலேயே தெரியும். பைப்புடன் தடுப்புக் குழல் (பின்வாயில் செருகி வாயை ஒடுக்கும் உள்குழாய்) தனியாகத் தந்திருந்தால் அதைப் பொருத்திப் பார்க்கலாம். கசிவு இல்லை, சென்சார் சரி, தடுப்புக் குழலும் உண்டு, இருந்தும் பிக்அப் இல்லை என்றால் பைப்பின் அளவே காரணம். ஈசியூவை மாற்றி எழுதினாலும் அது முழுமையாகத் திரும்பாது.

அறிகுறி: பெண்ட் பைப் பொன்னிறமாகவோ நீலமாகவோ மாறுகிறது

ஸ்டெயின்லெஸ் பைப்பில் ஹெட்டுக்கு அருகே பொன்னிறமும் சிறிது நீலமும் வருவது இயல்பு. சூட்டில் மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய ஆக்ஸைடு படலத்தின் நிறம் அது. ஒற்றைச் சுவர் கொண்ட குரோம் பைப்பிலும் இது தவிர்க்க முடியாதது. பழைய பைப் நிறம் மாறாமல் இருந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அது இரட்டைச் சுவராக இருந்ததே. ஆனால் முதல் சில கிலோமீட்டரிலேயே கருநீலம் பைப்பின் நடுப்பகுதி வரை பரவினாலோ, இருட்டில் ஐடிலிங்கிலேயே பைப் சிவந்து தெரிந்தாலோ, கலவை நீர்த்திருக்கிறது அல்லது இக்னிஷன் டைமிங் பிந்திவிட்டது என்று பொருள். ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். நீலத்தைப் பாலிஷ் போட்டு நீக்கினாலும் காரணம் இருக்கும்வரை திரும்ப வரும்.

அழியாத கைரேகைகள் தெரிந்தால் அதற்கு மருந்து இல்லை. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பைப் முழுவதையும் துடைக்காமல் விட்டதன் விளைவு அது.

அறிகுறி: புகை, நாற்றம், நீர்ச் சொட்டு

முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குப் புதிய பைப்பின் மேலிருந்து வரும் மெல்லிய புகை, தயாரிப்பின்போது பூசிய எண்ணெய் எரிவது. பின்வாயிலிருந்து தொடர்ந்து நீலப்புகை வந்தால் அது எஞ்சின் எண்ணெய். அதற்கும் சைலன்சருக்கும் தொடர்பு இல்லை. காலையில் நீர் சொட்டுவதும் கோளாறு அல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. குளிர்ந்த பைப்பில் அது நீராகிறது. அடியில் உள்ள சிறு வடிகால் துளையைக் கசிவு என்று எண்ணி அடைத்துவிட்டால் சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

அறிகுறி: குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கடகடவென்ற ஓசை

வண்டி குளிர்ந்த பின், ரப்பர் சுத்தியலால் சைலன்சரை மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தால் தளர்ந்திருக்கும் பாகம் தானே பேசும். வெப்பக் கவசத்தின் ஸ்க்ரூ, தடுப்புக் குழலின் ஒற்றைப் போல்ட், மவுண்ட்டிங் ரப்பர் புஷ் ஆகிய மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். பழைய புஷ்ஷைப் புதிய பிராக்கெட்டுக்கு மாற்ற மறந்து, உலோகத்தோடு உலோகம் சேர இறுக்கியிருந்தால் அதிர்வு ஃபுட்ரெஸ்ட் வரை வரும். ஸ்பிரிங் கொண்டு இழுத்துப் பிடிக்கும் வகை என்றால், ஸ்பிரிங்குகள் ஒரே அளவு இழுவையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அறிகுறி: பிரேக் பெடல், ஸ்டாண்டு, பின்சக்கரப் பகுதியில் உரசல்

கிளாசிக்கில் சைலன்சரும் பின் பிரேக் பெடலும் ஒரே வலப்பக்கத்தில் இருப்பதால் இதை அழகுக் குறையாக அல்ல, உயிர் சார்ந்ததாகவே கொள்ள வேண்டும். பெடலை முழு ஆழம் வரை மிதித்து, பைப்பில் எங்கும் முட்டாமல் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் லைட் ஸ்விட்ச்சின் ஒயர் பைப்பைத் தொடக் கூடாது. பின்னால் ஒருவரை உட்கார வைத்து, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் ஸ்விங் ஆர்முக்கும் சைலன்சருக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டைத் தாங்கும் ரப்பர் முட்டு பழைய சைலன்சரிலேயே இருந்திருந்தால், புதியதில் அது இல்லாதபோது ஸ்டாண்டு மேலேறிச் சக்கரத்தையோ செயினையோ தொடும். தனி முட்டு ஒன்றை சேஸிஸில் பொருத்தாமல் வண்டியை எடுக்கக் கூடாது. சேலை கட்டி ஒருபக்கமாக அமர்பவர்கள் இடப்பக்கம் கால் வைப்பதால் தப்பிவிடுவார்கள். இருபக்கமும் கால் போட்டு அமர்பவரின் வலது கணுக்கால் படும் இடத்தில் வெப்பக் கவசம் இருக்க வேண்டும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் சத்தம் அதிகம்

தடுப்புக் குழல் உள்ளே இருக்கிறதா, ஒலியை உறிஞ்சும் உள்பஞ்சு எரிந்து போயிருக்கிறதா என்று பார்த்த பிறகும் சத்தம் குறையவில்லை என்றால், அது பைப்பின் இயல்பு. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு, தயாரிப்பு நிலையிலான சோதனையில் இந்தியாவின் ஒலி வரம்பு 80 டெசிபல். ஒலி, காற்று மாசு விதிகளை மீறி வண்டி ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, 2019 திருத்தத்திற்குப் பின், முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாதம் உரிமத் தகுதி நீக்கம் என்று சொல்கிறது. பல நகரங்களில் போலீசார் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் அடுக்கி ரோடு ரோலர் ஏற்றியதும் உண்டு. கேடலிடிக் கன்வர்ட்டர் இல்லாத பைப்பைப் போட்ட பிஎஸ்6 வண்டி, சத்தம் குறைவாகவே இருந்தாலும், மாசு விதிக்கு வெளியேதான் நிற்கிறது.

ஆகவே பழைய சைலன்சரை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். அதனுள் இருக்கும் கன்வர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருப்பதால் பழைய இரும்புக் கடைக்காரர் ஆர்வமாகவே கேட்பார். ஆனால் அவர் தரும் விலை புதியதன் விலைக்கு அருகில்கூட வராது. உள்நீரை வடித்து, மரைகளில் எண்ணெய் தடவி, இரு வாய்களையும் துணியால் அடைத்து, ஹெட் நட்டுகளையும் ரப்பர் புஷ்ஷையும் ஒரு பையில் போட்டு அதிலேயே கட்டி, ஈரம் படாத பரணில் வைத்துவிடலாம். திரும்பப் பொருத்தும் நாளில் புதிதாக வாங்க வேண்டியது ஒரு கேஸ்கட் மட்டுமே.